பத்தில் ஐந்து

ராஜினாமாக் கடிதத்தை மேசையில் வைத்ததும் டாக்டர் அதைப் படிக்கவில்லை. எழுந்து போய் அலமாரியைத் திறந்து என் ஒப்பந்தத்தை எடுத்து வந்தார். பதினொரு வருடத்துக்கு முன் நான் கையெழுத்துப் போட்ட நான்கு பக்கம். அந்த ஃபைலை அரை நிமிடத்தில் அவரால் கண்டுபிடிக்க முடியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சம்பள உயர்வு கேட்டுப் போன போதெல்லாம் அது எங்கேயோ தொலைந்து போயிருந்தது.

"அறுபது நாள் நோட்டீஸ். நீங்க எழுதியிருக்கறது ஒன்பது நாள்" என்றார்.

"அதே பேப்பர்ல ஒரு ஆளுக்கு நாலு மெஷின்னு போட்டிருக்கு சார். நான் ஏழு பார்க்கறேன்."

"அது அப்போதைக்கு அப்போ நிலைமையைப் பொறுத்து."

"இதுவும் நிலைமையைப் பொறுத்துதான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அவருக்குக் கண்ணாடி அழுக்காகிவிடும். "நோயாளிங்களை ஒரு நிமிஷம் நினைச்சுப் பார்த்தீங்களா?" என்றார். எனக்கு உச்சந்தலையில் சுரீரென்றது. ஊருக்கு உபதேசம் செய்ய ஆளா இல்லை. தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் கெட்டுப் போன அன்று இவர் போனை எடுக்காமல் இருந்தபோது, பதினாலு நோயாளிகளுக்கும் பதில் சொல்லிக்கொண்டு நின்றவள் நான்.

எங்களுடையது சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இடம். மரச்சாமான் கடைக்கு மேலே மூன்றாவது மாடி, பதினாலு நாற்காலி, பதினாலு மெஷின். ஒவ்வொருவரும் வாரத்தில் மூன்று நாள் வந்து நான்கு மணி நேரம் உட்கார வேண்டும். அவர்கள் கையில் ஊசி ஏற்றி, மெஷினோடு இணைத்து, முடிந்ததும் கழற்றி அனுப்புவது என் வேலை. மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாக எட்டு மாடியில் ஒரு ஆஸ்பத்திரி எழும்பியது. அங்கே ஒன்றரை மடங்கு சம்பளம், ஒரு ஆளுக்கு நாலே மெஷின், ஞாயிற்றுக்கிழமை லீவு. பதினொரு வருடத்தில் நான் முழுசாக வீட்டில் இருந்த ஞாயிற்றுக்கிழமைகளை இரண்டு கை விரலில் எண்ணிவிடலாம். முதல் தேதி வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று சொல்ல வருபவர்கள் முதலில் இந்தக் கரையில் ஏழு மெஷினைப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

"நான் போறேன் சார். கேஸ் போடறதா இருந்தா போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கதவைக் கொஞ்சம் அறைந்து சாத்தினேன் என்று பிற்பாடு சொன்னார்கள். அறைந்துதான் சாத்தினேன்.

டாக்டரைப் பற்றி எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. ஒப்பந்தத்தில் அவர் உடைத்தது எத்தனை, நான் உடைத்தது ஒன்றே ஒன்று. சங்கடம் ஆறாவது நாற்காலியில் இருந்தது.

ஆறாவது நாற்காலிக்காரரை நாங்கள் கண்டக்டர் என்போம். முப்பத்தோரு வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். சிடுமூஞ்சி. ஏசி அதிகம் என்பார், குறைத்தால் புழுங்குகிறது என்பார், பக்கத்து நாற்காலிக்காரர் சத்தமாக மூச்சு விடுகிறார் என்றுகூட ஒரு நாள் புகார் சொன்னார். ஊசி போட அவரிடம் ஒரே ஒரு கைதான் மிச்சம். இந்த வைத்தியத்துக்குக் கையில் ஒரு நரம்பை அறுவை செய்து தடிக்க வைப்பார்கள், அதில்தான் ஊசி ஏறும். இடது கையில் அப்படிச் செய்தது இரண்டு வருடத்துக்கு முன் அடைத்துப் போயிற்று. வலது கையில் நல்ல நரம்பு ஒரு விரல் நீளம்கூட இல்லை. அதுவும் போனால் கழுத்தில் குழாய் இறக்க வேண்டும். கழுத்துக் குழாயோடு எங்களிடம் வந்தவர்களில் பலரைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. கண்டக்டர் அந்த நாற்காலிகள் காலியானதைப் பார்த்தவர். அவருக்கு உலகத்தில் பயம் என்று ஒன்று இருந்தால் அது கழுத்துக் குழாய்தான்.

அதனால் அவருக்கு மட்டும் வேறு முறை. மற்றவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளித் தள்ளிக் குத்துவோம். இவருக்கு ஒரே இரண்டு இடத்தில், ஒரே சாய்வில், ஒரே ஆழத்தில், ஒரே ஆள் குத்த வேண்டும். பத்து தடவை அப்படிச் செய்தால், காது குத்திய ஓட்டை நிலைப்பது மாதிரி, சதைக்குள் ஒரு வழி நிலைத்துவிடும். அதன் பிறகு மழுங்கிய ஊசியே போதும், யார் வேண்டுமானாலும் போடலாம். ஆனால் அந்தப் பத்துக்குள் வேறு கை புகுந்தால் சாய்வு மாறும். ஊசி புது வழி தோண்டும், நரம்புச் சுவர் கிழியும்.

முதல் ஊசிக்கு முன் அவரிடம் நானே சொன்னேன். "பத்து தடவையும் என் கைதான் ஐயா. அதுக்கப்புறம் நீங்க யார்கிட்ட வேணா கையை நீட்டலாம்."

"பத்துன்னா பத்தா?"

"பத்துன்னா பத்துதான்."

நான் கடிதம் கொடுத்த அன்று அந்தப் பத்தில் ஒன்று முடிந்திருந்தது. மிச்சமிருந்த ஒன்பது நாளில் இன்னும் நாலு வரும். கணக்குப் போட்டுவிட்டுப் புது ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, பன்னிரண்டு நாள் தள்ளிச் சேரலாமா என்று கேட்டேன். "வெயிட்டிங் லிஸ்ட்ல ஆள் இருக்காங்க மேடம்" என்றாள் அந்தப் பெண். குரலில் தேன். ஒரு தடவைதான் கேட்டேன். இன்னொரு தடவை அழுத்திக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களோ என்னவோ. கேட்கப் பயமாக இருந்தது, கேட்கவில்லை.

மீதி ஐந்தும் என் நாத்தனார் தலையில் விழுந்தது. கணவரின் தங்கை, எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள், நாலு வருடமாக அதே மையத்தில் என் கீழ் வேலை. வேலை வாங்கிக் கொடுத்தது நான். நாத்தனாருக்கு வேலை வாங்கிக் கொடுத்தவள் வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் என்று என் அம்மா அப்போதே சொன்னாள்.

உடை மாற்றும் அறையில், இரண்டு பேர் சேர்ந்தாற்போல் நிற்க முடியாத இடத்தில், என்னை மடக்கினாள்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா அண்ணி? டாக்டர் சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமா?"

"சொன்னா நீ என்ன செய்வ? ஊரெல்லாம் சொல்லுவ."

"ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கு வேற இடத்துல கூப்பிட்டாங்க. ஞாபகம் இருக்கா? கையெழுத்து போட்டது போட்டதுதான், நடுவுல ஓடினா உன்னைச் சேர்த்துவிட்ட என் மானம் போயிடும்னு என் வாயை அடைச்சது யாரு?"

"அது வேற."

"எப்படி வேற?"

பதில் தெரியாதபோது எனக்குக் குரல் உயரும். "உனக்கென்ன, அண்ணன் வீட்டுல சோறு, தலைக்கு மேல கூரை. குடும்பத்தை இழுக்கறவ நான்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் மாதாமாதம் பாதிச் சம்பளத்தை என் கையில் கொடுப்பவள். காலணியை மாட்டிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. என் கணவர் எந்தப் பக்கம் என்று கேட்டால், அவர் சாப்பாட்டுத் தட்டின் பக்கம்.

ஆனாலும் வேலை வேலைதான். அடுத்த நாலு தடவையும் அவளைப் பக்கத்தில் நிற்க வைத்துப் போட்டேன். தோலில் பேனாவால் கோடு கிழித்துக் காட்டினேன். போட்டோ எடுத்து அனுப்பினேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"போட்டோல ஊசி தெரியுது அண்ணி. உங்க மணிக்கட்டு எவ்வளவு சாயுதுன்னு எங்க தெரியுது?"

"போடப் போட வந்துடும்."

"யார் கையில போடப் போட?"

ஐந்தாவது தடவை முடிந்து பிளாஸ்திரி ஒட்டும்போதுதான் கண்டக்டரிடம் சொன்னேன். அதற்கு முன் சொல்ல வாய் வரவில்லை. எதிர்ப்பக்கம் போகிறேன், நாளையிலிருந்து வரமாட்டேன், நாத்தனாருக்கு நன்றாகக் காட்டிக் கொடுத்திருக்கிறேன் என்றேன். கத்துவார் என்று நினைத்தேன். ஏசிக்கே கத்துகிறவர். அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுப் பட்டனைப் போட்டார்.

"அஞ்சுதானே ஆச்சு" என்றார்.

"ஆமாங்க ஐயா."

அவ்வளவுதான். எழுந்து லிப்டுக்குப் போனார்.

புது இடத்தில் முதல் நாளே ஒரு ஒப்பந்தம் நீட்டினார்கள். தொண்ணூறு நாள் நோட்டீஸ், வெளியே எங்கேயும் வேலை செய்யக் கூடாது. அறுபதை மதிக்காதவளுக்குத் தொண்ணூறு. கையெழுத்துப் போட்டேன். நாற்காலிகள் பட்டனை அமுக்கினால் படுக்கையாகும். ஜன்னலில் நின்றால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் மூன்றாவது மாடி தெரியும். நான் ஜன்னல் பக்கம் போகவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி வரை படுத்திருந்தேன். தூக்கம் ஆறு மணிக்கே போய்விட்டது, பிடிவாதமாகப் படுத்திருந்தேன்.

ஆறாவது ஊசியை நாத்தனார் மூன்று முறை குத்தி ஏற்றினாள். ஏழாவதில் ஒன்றரை மணி நேரத்தில் கை வீங்கி, மெஷினை நிறுத்த வேண்டியதாயிற்று. மறுநாள் சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நின்றாள். இரண்டு வாரமாக வீட்டில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"வந்து தொலைங்க. நாளைக்குக் காலைல எட்டாவது. என்னால முடியல."

"டாக்டர் உள்ள விடுவாரா?"

"அவர்தான் கேட்கச் சொன்னாரு. நேரா கேட்டா அவர் கௌரவம் கொறஞ்சுடும்."

"புது இடத்துக்குத் தெரிஞ்சா எனக்கு வேலை போகும்."

"எனக்குத் தெரியாது அண்ணி. அந்தக் கை போகப் போகுது, அது தெரியும்."

போகிறேன் என்றேன். மீதி மூன்றுக்கும் போகிறேன் என்றேன். எட்டு மணிக்குத்தான் எனக்கு அங்கே டியூட்டி. ஆறரைக்கு ஊசி ஏற்றிவிட்டு ரோட்டைத் தாண்டினால் போதும். படுத்த பிறகு எனக்கு என்மேலேயே கொஞ்சம் மரியாதைகூட வந்தது. வேலைக்கு ஆபத்து என்று தெரிந்தும் போகிறேனே என்று.

காலையில் வரவேற்பு மேசையில் பார்வையாளர் நோட்டை என் பக்கம் திருப்பினார்கள். டாக்டரின் உத்தரவாம். பதினொரு வருடம் சாவி வைத்திருந்த வாசலில் பெயர், நேரம், யாரைப் பார்க்க, எதற்காக என்று எழுதினேன். 'எதற்காக' என்ற கட்டத்தில் 'ஊசி' என்று எழுதினேன். டாக்டர் எட்டிப் படித்துவிட்டு, "உள்ள வாங்க" என்றார். அந்த 'வாங்க'வை அவர் எவ்வளவு அனுபவித்துச் சொன்னார் என்பதை என்னால் எழுத முடியாது.

கண்டக்டர் கையை நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழங்கைக்குக் கீழே மஞ்சளும் நீலமுமாகக் கன்றியிருந்தது. நான் போட்ட இரண்டு புள்ளிகளும் அந்த நீலத்துக்கு நடுவில் இன்னும் சுத்தமாகத் தெரிந்தன. வழி இன்னும் இருந்தது. தொட்டுப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. கை கழுவினேன், கையுறை மாட்டினேன், தட்டை இழுத்தேன்.

"ஒரு நிமிஷம்" என்றார். "இந்த வேலை கிடைச்சுடுச்சுன்னு உனக்கு என்னைக்குச் சொன்னாங்க?"

"உங்களுக்கு முதல் ஊசி போட்ட மறுநாள் ஐயா." அது உண்மை. அந்த உண்மையைத்தான் நான் எனக்கே தினம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கூப்பிட்டு இண்டர்வியூ வெச்சது?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் நாத்தனார் நாற்காலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். இண்டர்வியூ அன்று பல்வலி என்று சொல்லி நான் ஷிப்ட் மாற்றிக்கொண்டது அவளோடுதான். எந்த நாள் என்று அவள் அப்போதுதான் மனதுக்குள் தேடிக் கண்டுபிடித்தாள். அவள் முகத்தில் அது தெரிந்தது.

"அதுக்கு ஆறு நாள் முன்னாடி" என்றேன்.

"அப்போ என் கையில முதல் ஓட்டை போடறப்பவே உனக்குத் தெரியும்."

"கிடைக்கும்னு தெரியாதுங்க ஐயா. இருபது பேர் வந்திருந்தாங்க."

"கிடைச்சா போவோம்னு தெரியும்ல?"

இந்த ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. இதுவரை உங்களிடமும் சொல்லவில்லை. ஒரு மாதம் பொறுத்து, போவதா இல்லையா என்று தெரிந்த பிறகு ஆரம்பித்திருக்கலாம். அதுவரை பழைய முறையிலேயே அவர் கை தாங்கியிருக்கும். அல்லது நாத்தனாரையே முதல் ஊசியிலிருந்து ஆரம்பிக்க விட்டிருக்கலாம். எங்கள் மையத்தில் இந்த முறையை முதலில் செய்தவள் என்ற பெயர் எனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டேன். புது இடத்தில் அதைச் சொல்லிக்கொள்ளலாம் என்றும் ஆசைப்பட்டேன். சொல்லிக்கொண்டும் ஆயிற்று.

"தெரியும்" என்றேன்.

கண்டக்டர் தலையாட்டினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது பழக்கம்.

"முப்பத்தோரு வருஷத்துல வேலையை விட்டுட்டு அதிக சம்பளத்துக்குப் போன டிரைவருங்க எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன். ஒருத்தனையும் குறை சொன்னதில்ல. அவனவன் பொழப்பு அவனவனுக்கு. ஆனா எல்லாரும் வண்டியை டிப்போவுல விட்டுட்டுத்தான் போனாங்க. ஆளை ஏத்திக்கிட்டுக் கிளம்பி, நடு ரோட்டுல இறங்கிப் போனவ நீ ஒருத்திதான்."

"மீதி மூணும் நான் வந்து போடறேன் ஐயா. காசுக்காக வரல."

"வேணாம்" என்று கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு போடட்டும்."

நாத்தனார் பதறிப் போனாள். "ஐயா, எனக்கு வரல. ரெண்டு தடவை பார்த்தீங்கள்ல? அண்ணி மேல கோபம்னா அப்புறம் நானும் உங்களோட சேர்ந்து திட்டறேன். இப்போ அண்ணி போடட்டும்."

"இது கோபப்படற விஷயம் இல்ல. உங்க உயிர் விஷயம்" என்றார் டாக்டர்.

"கை என்னுது சார்." குரல் அப்போதும் உயரவில்லை. "நீ போடும்மா. தப்பாப் போனாப் போகட்டும். நாளன்னைக்கும் நீ இங்க இருப்ப."

டாக்டர் இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். கண்டக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கையை மட்டும் நாத்தனார் பக்கம் நீட்டினார். வேறு வழியில்லாமல் அவள் கையுறை மாட்டினாள். நான் இரண்டடி தள்ளி நின்றேன். முதல் ஊசி எப்படியோ உள்ளே போனது, குழாயில் ரத்தம் ஏறியது. இரண்டாவதைத் தோலில் வைக்கும்போதே அவள் மணிக்கட்டு அதிகம் நிமிர்ந்திருப்பது தெரிந்தது. ஒரு நூல்தான்.

"படுக்க வை. இன்னும் கொஞ்சம் படுக்க வை" என்றேன்.

"அவங்களைப் பேசாம இருக்கச் சொல்லு" என்றார் கண்டக்டர்.

நாத்தனார் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அப்படியே குத்தினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தோல் மெதுவாக மேலே எழும்பியது. எலுமிச்சம்பழ அளவு, அப்புறம் அதைவிடப் பெரிதாக. டாக்டர் ஓடி வந்து இரண்டு ஊசியையும் எடுக்கச் சொன்னார். நாத்தனார் பஞ்சை வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். யாரோ ஐஸ் பை கொண்டு வந்தார்கள். டாக்டர் கையைத் தடவிப் பார்த்தார், ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். நல்ல நரம்பில் ரத்தம் இரைந்து ஓடும் சத்தம் கேட்கும். அவர் இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார். பிறகு போனை எடுத்து, கழுத்துக் குழாய்க்கு ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார்.

கண்டக்டர் 'ஸ்' என்றுகூடச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணின் ஓரத்தில் ஈரம் தெரிந்தது. இடது கையைத் தூக்கிக் கழுத்தில் ஒரு இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நான் கையுறையைக் கழற்றவில்லை. எதற்கு அதோடு நின்றுகொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. "ஐயா" என்றேன். அவர் திரும்பவில்லை. சொல்லிக் காட்டுவதற்கு டாக்டருக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது, ஆனாலும் சொல்லவில்லை.

நாத்தனார் பஞ்சை அழுத்திய கையை எடுக்காமல், முகத்தை என் பக்கம் திருப்பாமல் பேசினாள்.

"மணி ஏழே முக்கால் அண்ணி. கிளம்புங்க. அங்க லேட்டாப் போனா நல்லா இருக்காது."

நான் கிளம்பினேன். எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டேன்.